இனிமேல் ப்ளாக்தான்

பாலக்காடு
3 ஜூன் 2025

ராமுத்தாய் அவர்களுக்கு,

மரியாதை தூக்கலாக இருக்கிறதே என்று பார்க்காதே, கோபத்தில் இருக்கிறேன். சித்தூர் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் கிடந்து, ஒரே தட்டில் தின்று, கடைசியில் ஒற்றை வரியில் என்னை வாட்ஸ்அப்பில் ப்ளாக் செய்தவளுக்கு 'அன்புள்ள ராமு' என்று எழுதக் கை வரவில்லை. போன் இல்லை, மெசேஜ் இல்லை என்றால் என்ன, தபால்காரர் இருக்கிறாரே. வண்டன்மேட்டில் உன் ஏலக் கம்பெனி முகவரியை எப்போதோ நம் வலைப்பூவிலிருந்து குறித்து வைத்திருந்தேன். அதைத் தவிர அந்த வலைப்பூவால் இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு உபயோகமும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். படிக்கும் காலத்தில் நாம் தொடங்கிய 'இந்தப் பக்கம்' என் மின்னஞ்சலில்தான் இருக்கிறது. பெருநாள் முடிந்ததும் அதை அழிக்கப் போகிறேன். சொல்லாமல் செய்துவிட்டாள் என்று நாளைக்கு நீ ஒப்பாரி வைக்கக் கூடாது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஏன் என்று கேட்பாய். இப்போது நான் இன்ஸ்டாகிராமில் 'செம்பு ஷம்னா'. கல்யாணப் பிரியாணி வேகிற செம்பை, அந்தப் பெரிய செப்பு அண்டாவைத் திறந்து ஆவி பறக்கக் காட்டினால் நிமிடத்தில் இதயமாகக் கொட்டுகிறது. கோயம்புத்தூர் ஜவுளிக் கடையில் புடவை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னைக் கட்டிப்பிடித்து போட்டோ எடுத்தார்! அத்தாவின் பாத்திரக் கடைக்கு என் ரீலைப் பார்த்துச் செம்பு வாங்க ஆட்கள் வருகிறார்கள், ராமு! (பழக்கத்தில் வந்துவிட்டது. அடிக்க மனமில்லை.) இப்படி இருக்கும்போது போன வாரம் எவனோ ஒருவன் நம் வலைப்பூவைத் தோண்டி, பத்தொன்பது வயதில் நான் எழுதிய பதிவைப் படம் பிடித்து என் ரீலுக்குக் கீழே போட்டுவிட்டான். 'எங்கள் வீட்டுக் கல்யாணப் பிரியாணியை உருட்டி எறிந்தால் மண்டை உடையும்.' நான் எழுதியதுதான்! பிரியாணியால் பெயர் வாங்கியவள் பிரியாணியைப் பற்றி எழுதிய லட்சணம் அது. மூன்று நாளாகக் கமெண்ட் முழுக்க மண்டை, மண்டை, மண்டை. தம்பி ரியாஸ் சாப்பாட்டுத் தட்டோடு ஹெல்மெட் எடுத்து வைக்கிறான்.

உன் கோபமும் எனக்குத் தெரியும். உன் அப்பாவைப் பற்றி நீ எழுதியதை நான் ரீலாகப் போட்டேன். பத்து லட்சம் பேர் பார்த்தார்கள், பாதிப் பேர் அழுதார்கள். வலைப்பூவில் அதைப் படித்தது யார்? நீயும் நானும். யாரும் வராத கடைக்கு எதற்குப் பூட்டும் சாவியும்? இந்தக் காலத்தில் ப்ளாக் எழுதுவது கிணற்றுக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி.

இப்படிக்கு,
ஷம்னா


வண்டன்மேடு
6 ஜூன் 2025

செம்பு ஷம்னா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கம்பெனி மேசைக்கு வந்தது. ஏலக்காய் மாதிரிகளுக்கு நடுவில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டேன். பக்கத்து மேசை சிவப்பிரகாஷ், "என்னக்கா, கோர்ட்டு நோட்டீஸா?" என்று கேட்டான். கிட்டத்தட்ட அதுதான் என்றேன்.

முதலில் ஒன்று. நான் உன்னை எங்கேயும் ப்ளாக் செய்யவில்லை. செய்யவே இல்லை! நான் அனுப்பிய வரி இது: 'இனி உன்னோடு வாட்ஸ்அப்பில் பேச்சில்லை. இனிமேல் ப்ளாக்தான்.' அடி மண்டூகமே, அது நம் ப்ளாக்! வலைப்பூ! சொல்ல வேண்டியதை இனிமேல் 'இந்தப் பக்க'த்தில் எழுதுகிறேன், அங்கே வந்து படி என்று சொன்னேன். அதற்குப் பிறகு நான் அனுப்பியது எதுவுமே உனக்குப் போகவில்லை. அப்படியானால் உண்மையில் ப்ளாக் செய்தது யார்?

மலையாளத்தில் எழுதியிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. அவர்களுக்கு வலைப்பூவுக்கும் தடைக்கும் வேறு வேறு எழுத்து இருக்கிறது. நமக்கு ஒரே 'க்'. ஆனால் ஏலத்தை ஏலம் விடுகிற ஊரில் இருப்பவள் நான். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கலாம் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். தமிழ் பி.ஏ. படித்த உனக்குத் தெரியவில்லை.

இத்தனை மாதமாக உனக்கென்று அங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன், ஷம்னா. பதிவு பதிவாக. ஒன்றுக்காவது பதில் வரும் என்று கமெண்ட் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். நீ அந்தப் பக்கமே போகவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

இனி அப்பா விஷயம். நீ சொல்கிற மாதிரி அது ரீல் போட்டதால் வந்த கோபம் இல்லை. நீ பாதியில் நிறுத்தியதால் வந்தது. கம்பம் ஊரிலிருந்து மெட்டு என்கிற மலைப்பாதை ஏறி ஏலத்தோட்ட வேலைக்கு வருகிற பெண்களை ஜீப்பில் அழைத்து வரும் அப்பா, வளைவுக்கு வளைவு பாடுவார், ஜீப்பே குலுங்கிச் சிரிக்கும். இதுவரை உன் ரீலில் இருக்கிறது, பின்னால் வயலின் வேறு. மிச்சம்? அந்த ஜீப்பின் ஹாரன் தெருமுனையில் கேட்டதும் நாங்கள் டிவியை அணைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிடுவோம் என்பது? வெளியே பாடிய வாய் வீட்டுக்குள் என்ன பேசும் என்பது? அவர் செத்த வாரம் டிவி ஓட ஓட நாங்கள் சாப்பிட்டோம், எனக்கு நிம்மதியாக இருந்தது என்பது? அதை எழுத எனக்கு எவ்வளவு நாள் ஆனது தெரியுமா? உன் ரீலைப் பார்த்துவிட்டு ஊரே என்னைப் பிடித்து, "உங்கப்பா மாதிரி வருமா" என்கிறது. அம்மா அதை வீடு வீடாகப் போட்டுக் காட்டினாள். நான் தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அது முழுதாக இருக்கிற ஒரே இடம் அந்த ப்ளாக்தான். என்னால் வாயால் சொல்ல முடியாது, அங்கே சொல்லிவிட்டேன். பத்துப் பேர் படித்தாலும் போதும், யாரும் படிக்காவிட்டாலும் அது அங்கே இருக்க வேண்டும். அழிக்காதே.

பிறகு இன்னொன்று. யாருமே படிப்பதில்லை என்கிறாய். படித்ததால்தானடி உன் மண்டை உடைந்தது?

ராமு


பாலக்காடு
12 ஜூன் 2025

என் ராமு, என் தங்க ராமு,

உன் கடிதம் இன்று வந்தது. நான் எட்டாம் தேதியே அழித்துவிட்டேன்.

பெருநாள் அன்று மாமா வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் ஆளாளுக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மறுநாள் காலை கடைக்குப் போனேன், கம்ப்யூட்டரைத் திறந்தேன், அழி என்று அமுக்கினேன். அத்தோடு நிறுத்தினேனா? பழைய கணக்கே வேண்டாம் என்று அதிலிருந்தும் வெளியே வந்துவிட்டேன். உள்ளே போகக் கடவுச்சொல் கேட்கிறது. கல்லூரி நாளில் வைத்தது யாருக்கு நினைவிருக்கிறது!

உன் கடிதத்தைக் கடையிலேயே நின்று படித்தேன். சுவரோரம் என்ற இடம் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், ராமு, நான் உன் பதிவை முழுதாகப் படிக்கவே இல்லை. ஜீப், பாட்டு, சிரிப்பு வரை வந்ததும் இது ரீலுக்கு ஆகும் என்று எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன். அதற்குக் கீழே இவ்வளவு இருந்ததா?

உன்னிடம் நகல் இருக்கிறதுதானே? இருக்கிறது என்று சொல். வாட்ஸ்அப்பில் தடையை எடுத்துவிட்டேன் (ஆமாம், நான்தான் செய்தேன். நீ செய்துவிட்டாய் என்று நினைத்து ஆத்திரத்தில் நானும் செய்தேன்). இப்போதே போன் செய்யட்டுமா?

ஷம்னா


வண்டன்மேடு
16 ஜூன் 2025

ஷம்னா,

போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் நான் சிரித்துத் தொலைப்பேன். நான் இன்னும் சண்டையில்தான் இருக்கிறேன், அதைக் கெடுக்காதே. இங்கே மழை வேறு, டவரும் கரண்டும் மாறி மாறிப் போகின்றன. எழுது.

நகல் இல்லை. நான் போனிலேயே நேராக அந்தப் பெட்டிக்குள் எழுதிப் பதிவேற்றுகிற ஆள். வேறு எங்கே வைப்பேன்? வீட்டில் வைத்தால் அம்மா பார்ப்பாள். ஊரெல்லாம் பார்க்கிற இடத்தில் வைத்தால் அம்மா மட்டும் பார்க்க மாட்டாள் என்று ஒரு கணக்கு. சிரிக்காதே.

உன் கடிதத்தைப் படித்ததும் மாதிரித் தட்டை அப்படியே மேசையில் கவிழ்த்துவிட்டேன். முதல் தரக் காயும் இரண்டாம் தரக் காயும் கலந்து, மேனேஜர் தங்கதுரை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பொறுக்கிக்கொண்டே அழுதேன். சிவப்பிரகாஷ்தான் கூட உட்கார்ந்து பொறுக்கினான். விஷயத்தைச் சொன்னேன். "அழிச்சா ஒடனே போயிராதுக்கா. கொஞ்ச காலத்துக்கு வச்சிருப்பாய்ங்க. அதே கணக்குக்குள்ள போனா திரும்ப எடுத்துரலாம், வெரசா போகச் சொல்லுங்க" என்றான். கடவுச்சொல் மறந்தால் பழைய போன் நம்பருக்கு ஓடிபி எண் வருமாம். நாம் தொடங்கும்போது நீ கொடுத்த நம்பர் எது? எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, 'தொடர்புக்கு' என்று போட்டு அதை வலைப்பூவின் மேலேயே எழுதியது நான்தான்.

அந்த நம்பர் உன்னிடம் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் உடனே போ. இல்லையென்றால் அது யாரிடம் இருக்கிறதோ அவரிடம் போ. எப்படியாவது அந்தப் பதிவைத் திருப்பிக் கொடு. மற்றதெல்லாம் போனாலும் மறுபடி எழுதிக்கொள்வேன். அதை இன்னொரு முறை எழுத என்னிடம் தைரியம் இல்லை.

ராமு


பாலக்காடு
25 ஜூன் 2025

ராமூ!

கிடைத்துவிட்டது! மூச்சு வாங்குகிறது, முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் புகாமல் கேள்.

அந்த சிம் நான் ரீசார்ஜ் செய்யாமல் விட்டு எப்போதோ காலாவதியாகிவிட்டது. சரி, கூப்பிட்டுப் பார்ப்போம் என்று கூப்பிட்டேன். மாடு கத்துகிற சத்தம், பிறகு ஒரு ஆண் குரல்: "ஆருங்க?" நான் படபடவென்று, ஐயா உங்கள் போனுக்கு ஒரு ஓடிபி வரும், அதை எனக்குச் சொல்ல முடியுமா என்றேன். "ஏனுங்க, உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலீங்களா?" வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன். "சைபர் போலீசுல சொல்லிப்போடுவேன், பாத்துக்குங்க!" மறுபடியும் வைத்துவிட்டார்.

ரியாஸ் தன் போனிலிருந்து கூப்பிட்டுப் பால் வாங்குகிறவன் போலப் பேசி ஊரைக் கேட்டான். மீனாட்சிபுரம், பெயர் பூபதிராஜா, மாட்டுப் பண்ணை. பஸ் ஏறிவிட்டேன்! வண்டித்தாவளத்தில் ஒரு கரும்பு லாரி குறுக்கே நின்று ஊரே நகரவில்லை. கண்டக்டர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "முன்னாடி ப்ளாக்குங்க, எறங்கி நடந்தாலும் நடந்துக்குங்க" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்து, அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இறங்கி ஒரு ஆட்டோ பிடித்துச் சுற்றுவழியில் போய்ச் சேர்ந்தேன்.

மனிதர் கறந்துகொண்டிருந்தார். நான்தான் போன் செய்தது என்றதும் பால் வாளியைப் பின்னால் நகர்த்தி வைத்துக்கொண்டார்! நான் என் ரீலைத் திறந்து காட்டினேன். பாருங்கள், இவ்வளவு பேர் என்னைப் பின்தொடர்கிறார்கள் என்றேன். "அதாணுங்க இன்னும் பயமா இருக்குது. இப்பெல்லாம் மூஞ்சியவே மாத்திப் பேச வெக்கறாங்கன்னு டிவில சொன்னாங்க" என்றார். ராமு, என் பின்னால் இருக்கிற அத்தனை ஆயிரம் பேரும் அந்தக் கட்டுத்தறியில் செல்லாக்காசு!

அவர் மனைவி சிஞ்சு உள்ளேயிருந்து வந்து, உன் பேர் என்ன என்று கேட்டார். ஷம்னா என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஷம்னாங்களா? எந்த ஷம்னா, ப்ளாக் ஷம்னாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏனம்முணி, நம்பர் வாங்குன நாள்ல இருந்து உன் பேரச் சொல்லித்தான் போன் வருது! ஏலக்கா எப்படிக் காய வெக்கறதுன்னு ஒருத்தர் கேக்கறாரு. குமுளி பஸ்ஸு எத்தன மணிக்குன்னு ஒரு புள்ள கேக்குது. நான் அல்லன்னு சொல்லிச் சொல்லிச் சலிச்சுப் போயி, அதுல என்னதான் எழுதியிருக்குதுன்னு தொறந்து பாத்தேன். இப்ப நானே பதில் சொல்லிப்போடறேனுங்க. தெரியாததுக்கு 'அந்தம்முணி ஊட்ல இல்லீங்க'ம்பேன்!"

பசுவின் மேல் சாய்ந்துவிட்டேன். யாரும் வராத கடை என்று எழுதினேனே, அந்தக் கடையில் எனக்குத் தெரியாமலே ஒரு மனிதர் உட்கார்ந்து வியாபாரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

அப்புறமும் அவர் நம்பவில்லை. "நீ அந்த ஷம்னான்னா, பிரியாணியப் பத்தி என்ன எழுதுன, சொல்லு பாக்கலாம்" என்றார். எந்த வரிக்காக எல்லாவற்றையும் அழித்தேனோ அதே வரி! பண்ணை ஆட்கள், பால் வாங்க வந்தவர்கள், சிஞ்சு அக்கா, எல்லோரும் நிற்கிறார்கள். தலையை நிமிர்த்திச் சொன்னேன்: "எங்கள் வீட்டுக் கல்யாணப் பிரியாணியை உருட்டி எறிந்தால் மண்டை உடையும்!" சிரித்த சிரிப்பில் கன்றுக்குட்டி மிரண்டு ஓடியது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனை என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

எண் வந்தது. கணக்கு திறந்தது. 'அழிக்கப்பட்டவை' என்ற இடத்தில் நம் பக்கம் சாம்பல் நிறத்தில் நின்றது, மீட்டெடு என்று அமுக்கினேன், வந்துவிட்டது! எல்லாம்! நீயும் நானும் விடுதி மாடியில் எடுத்த அந்த அசட்டுப் படம் உட்பட!

இதைக் கேள். பூபதிராஜா சொன்னார்: "ரெண்டு நாளைக்கு முன்னால ஒரு பொம்பளைங்க கூப்புட்டாங்க. 'அந்த ஜீப்பு விஷயம் திரும்பப் படிக்கோணும், பக்கம் தெறக்க மாட்டீங்குது'ன்னாங்க. எதுக்குங்கன்னு கேட்டேன். அவங்க ஊட்லயும் ஹாரன் கேட்டா டிவிய அமத்துவாங்களாமா. அழுதுட்டாங்க." என் ரீலைப் பார்த்து அழுதவர்களில் ஒருவர் கூட மறுநாள் என்னைக் கூப்பிடவில்லை, ராமு. இந்தப் பெண் பக்கத்தைத் தேடியிருக்கிறார். நீ முழுதாகச் சொன்னதால் அவர் தன்னுடையதைச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கென்று நீ எழுதிய எல்லாவற்றையும் படித்தேன். உன் அப்பா பதிவையும் கடைசி வரி வரை படித்தேன். நம் கல்லூரி இருக்கும் சித்தூர் நிறுத்தம் வந்து போனதைக் கூடக் கவனிக்காமல் அழுதிருக்கிறேன். அந்த ரீலை எடுத்துவிட்டேன். கேட்காமல் உன் அப்பாவை நல்லவராக்கியதற்கு நீ என்னை அடிக்கலாம்.

வலைப்பூவில் இனி உன் மின்னஞ்சலும் உரிமையாளர். என் பிரியாணிப் பதிவு அங்கேயே இருக்கட்டும். அதன் சுட்டியை நானே என் இன்ஸ்டாகிராம் பக்கத்தின் மேலே போட்டுவிட்டேன். அந்தப் பிரியாணி நிஜமாகவே உருண்டைதான், எனக்கு என்ன பயம்? போன் நம்பரை மட்டும் மாற்றவில்லை. பூபதிராஜா கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்.

ஷம்னா


வண்டன்மேடு
2 ஜூலை 2025

அன்புள்ள ஷம்னா,

உன் கடிதத்தைக் கம்பெனியில் சத்தமாகப் படித்தேன். செல்லாக்காசு என்ற இடத்தில் தங்கதுரை சாரே சிரித்துவிட்டார். ஏலம் கூறுவதைத் தவிர அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்ட நேரத்தில் டவர் வந்தது. பக்கத்தைத் திறந்தேன். திறந்தது! நான் "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று அடுக்களைக்குள் குதித்ததில், கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அம்மா பயந்துவிட்டாள்.

"என்னத்தா வந்துருச்சு, கரண்டா?"

"நான் அப்பாவப் பத்தி எழுதுனதும்மா."

"அதத்தான் நான் பாத்துட்டனே. ஜீப்புல பாடுறது."

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இத்தனை மாதம் அப்படித்தான் இருந்தேன். ஆனால் முகம் தெரியாத ஒரு பெண் மீனாட்சிபுரத்துக்குப் போன் போட்டு அழுததை முந்தின நாள்தான் படித்திருந்தேன். "நீ பாத்தது பாதிதாம்மா" என்றேன்.

அம்மா கத்தியைக் கீழே வைக்கவில்லை. "மிச்சத்த வாசி" என்றாள்.

வாசித்தேன், ஷம்னா. நின்றுகொண்டே வாசித்தேன். ஹாரன், சுவரோரம், அவர் எறிந்த தட்டு, எல்லாம். 'எனக்கு நிம்மதியாக இருந்தது' என்ற வரியை வாசித்துவிட்டுத் தலையைத் தூக்க முடியவில்லை. வீட்டை விட்டுப் போ என்பாளா, செத்தவரைப் பேசுகிறாயே என்பாளா என்று காத்துக்கொண்டு நின்றேன். அம்மா ஒரு கிழங்கை முழுதாக உரித்து முடித்தாள். பிறகு சொன்னாள்:

"எனக்கும் அப்படித்தாந்த்தா இருந்துச்சு."

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஒங்களுக்கு அப்பன் மேல பாசம், நாம எதுக்குக் கெடுப்போம்னு பாட்டப் பத்தியே பேசிக்கிட்டுக் கெடந்தேன். அந்தப் புள்ள போட்ட படத்த வீடு வீடாக் காட்டுனதும் அதுக்குத்தான். நீ சந்தோசப்படுவேன்னு." இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் நடித்திருக்கிறோம்! இத்தனை வருடம்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அம்மாவும் சிரித்தாள். பூபதிராஜாவுக்குப் போன் செய்கிறவர்களைப் பற்றியும், அழுத அந்தப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். பிறகு, "இத்தன பேரு படிக்கிறாங்கன்னா, நான் சொன்னதையும் அதுல எழுதிப் போடு" என்றாள். அவள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "பின்ன, அடுத்த வீட்டுக்காரி பேரையா போடுவ?"

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் ஒரு சொல்லைக் கூட மாற்றவில்லை. நேற்றுப் பதிவேற்றிவிட்டேன். தலைப்பு, 'எனக்கும்தான்'. எழுதியவர் பேச்சியம்மாள்.

நீண்ட பதிவு, ஷம்னா. போய்ப் படி, கடைசி வரை. படித்துவிட்டு எனக்குப் போன் செய், சண்டை முடிந்துவிட்டது.

உன்,
ராமு